நனையாத ஈட்டி

கருவி வாங்குகிறவர்களில் இரண்டு வகை. வேலைக்காக வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் கழுவி வைத்துவிடுவார்கள். இன்னொரு வகை, கருவியைப் பராமரிப்பதற்கென்றே பிறந்தவர்கள். இவர்களை உங்களுக்குத் தெரியும். புனேயில் எங்கள் ஹடப்சர் குடியிருப்பில் நான்காவது மாடியில் ஒருவர் இருக்கிறார். பாலச்சந்திரன் மாமா.

மாமாவிடம் இருப்பது காற்றழுத்த ஈட்டித் துப்பாக்கி. கைப்பம்பால் அதன் வயிற்றில் காற்றை அடைத்து, ஈட்டியை வாய்வழியாகத் தம்கட்டி அழுத்திப் பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் போய் மீனை அடிக்க வேண்டும். புனேயிலிருந்து கடலுக்குப் போக ஒரு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். மாமா வீட்டில் மீன் சாப்பிடமாட்டார்கள்; பக்கத்து வீட்டில் பொம்பில் மீன் வறுத்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். மாமாவுக்கு நீச்சலும் தெரியாது. இவற்றைத் தவிர வேறு தடை எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் பனியனோடு உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் கிடத்தி, வாஷர்களுக்கு எண்ணெய் தடவி, பம்பை மாட்டி, முகம் சிவக்கச் சிவக்கக் காற்றடித்து, எங்காவது கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டு, கசியவில்லை என்று நிம்மதியடைந்து, அத்தனை காற்றையும் திறந்துவிடுவார். புஸ்ஸ். அந்த வாரத்து வேட்டை முடிந்தது.

"ஒரே ஒரு தடவை சுட்டுக் காட்டுங்க மாமா."

"வெளியில சுடப்படாதுடா. தண்ணிக்குள்ளதான் சுடணும். இல்லேன்னா பிஸ்டன் போயிடும்."

"அப்போ தண்ணிக்குப் போலாமே?"

"மழை முடியட்டும்."

மழை முடிந்தால் குளிர். குளிர் முடிந்தால் ஆபீசில் வருஷக் கடைசி. அது முடிந்தால் வெயில். வெயில் முடிந்தால்? சரியாகச் சொன்னீர்கள்.

ஆயுத பூஜையன்று மிக்ஸி, லேப்டாப், ஸ்கூட்டர் வரிசையில் துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பார்க்கப்போனால் அந்த வரிசையில் ஆயுதம் அது ஒன்றுதான். போன வருஷம் பூஜை முடிந்து பார்த்தால் ஈட்டி முனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. துப்பாக்கியின் முதல் வேட்டை. எல்லாரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் விசாரித்தார்கள் என்பது இன்றுவரை புரியவில்லை.

எல்லாரும் சிரித்தோம். மாமாவின் மனைவி ராஜி மாமி மட்டும் சிரிக்கவில்லை.

"பாலா, டிசம்பர்ல மால்வண் கடற்கரைக்குப் போறோம். ரூம் போட்டாச்சு."

"அலை ஜாஸ்தி இருக்கும், ராஜி. உனக்கு நீச்சல் வேற தெரியாது…"

"தெரியும். காலம்பற யோகா க்ளாஸ்னு எங்க போறேன்னு நெனச்சே? நீ கடலுக்குள்ள போறச்சே நான் கரைல உக்காந்து பையைப் பாத்துக்கணுமா?"

வாஷரில் மயிரிழைக் கசிவைக் கண்டுபிடிக்கிற மாமா, யோகாவிலிருந்து தினமும் ஈரத்தலையோடு வந்த மனைவியைக் கவனிக்கவில்லை. துப்பாக்கியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

மால்வணுக்கு நாங்களும் போனோம். துப்பாக்கி துண்டு சுற்றிக்கொண்டு முன் சீட்டில் வந்தது. கடற்கரையில் நீச்சல் முகமூடி வாடகைக்குக் கொடுக்கும் சலீம், "சலா சாஹேப்!" என்று மராத்தியில் கூப்பிட்டுத் தண்ணீரிலிருந்து கையசைத்தார். "வாஷர் செட்டாகட்டும்," என்றார் மாமா. தமிழில். மாமி முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மாமா பம்படித்தார். கடலைப் பார்த்தார். மறுபடி பம்படித்தார்.

மாமி மூச்சுவாங்க எழுந்து கரையோரம் வந்தார்.

"பாலா! நீ வீடியோல காட்டுவியே, மஞ்சக் கோடு போட்ட மீனு, கால்கிட்டயே வருது! வா!"

மாமா தலையைக் குனிந்துகொண்டு, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்.

"எனக்கு நீச்சல் தெரியாது, ராஜி."

"தெரியுமே. கல்யாணம் ஆனதுலேர்ந்து தெரியும். அதைக் கீழ வெச்சுட்டுக் கையைக் குடு."

மாமா துப்பாக்கியை மணலில் வைத்தார். துண்டு விரிக்காமல், வெறும் மணலில். குழாய்க்குள் மணல் போவதை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை போய் நின்று, கீழே எதையோ பார்த்துக் குழந்தை மாதிரிக் கத்தினார்.

துப்பாக்கியை நான்தான் எடுத்துத் துடைத்தேன். எலுமிச்சம்பழம் செருகவில்லை.

உங்களிடம் துப்பாக்கி இல்லை, தெரியும். ஆனால் பீரோ மேல் உறையோடு ஒரு கிட்டாரோ தொலைநோக்கியோ இருக்குமே? போன வாரம்கூடத் தூசி தட்டினீர்களே? நல்லது. தட்டுங்கள். அப்படியே உங்கள் வீட்டில் யாராவது காலையில் யோகா வகுப்புக்குப் போகிறார்களா என்றும், திரும்பி வரும்போது தலை காய்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.