போதும் என்றால் குரைக்கும்

திண்டிவனத்து நாய்களை இவரைப்போல் குழப்பிய மனிதர் இதுவரை பிறக்கவில்லை. இனியும் பிறப்பது கடினம். எங்கள் தெருவில் அவர் பெயர் கமாண்டோ. பட்டாளத்துப் பச்சை பேன்ட், கழுத்தில் விசில், இடுப்புப் பையில் பிஸ்கட். "டிபார்ட்மென்ட்ல நாய்ங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தவன் சார் நானு" என்பார். ஒரு நாள் அது போலீஸாக இருக்கும், மறுவாரம் ரயில்வேயாகிவிடும். வனத்துறைகூட ஒருமுறை வந்துபோனது.

நான் அவரிடம் மாட்டியதற்குக் காரணம் பன்னு. மயிலத்திலிருந்து வரும் வழியில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியை என் மனைவி செல்வி துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். வளர்ந்த பிறகு அதற்கு ஒரே வேலைதான். பால்காரர், கூரியர்காரர், கொடியில் ஆடும் என் சட்டை என்று எதைப் பார்த்தாலும் குரைக்கும். மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் அந்தோணி சாருக்குப் பகல் தூக்கம் போயிற்று. அவர் குரைப்பைப் பதிவுசெய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அதைப் போட்டுக் கேட்பேன். தன் குரலை வேற்று நாய் என்று நினைத்து பன்னு பதில் சொல்லும். அடுத்த நிமிடம் அந்தப் பதிலும் பதிவாகி வந்து சேரும்.

ஒரு நாள் அவர் இறங்கியே வந்துவிட்டார்.

"சார், மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு நாய் போவணும், இல்லன்னா நீங்க போவணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

"நாய் போறதா இருந்தா நானும் அதுகூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு செல்வி உள்ளே போய்விட்டாள். நான் கமாண்டோவைத் தேடிப் போனேன்.

வந்தவர் பன்னுவைப் பார்க்கவே இல்லை. என்னை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"இது கொலைக்கும்போது நீங்க இன்னா சார் பண்ணுவீங்க?"

"சும்மா இருடான்னு கத்துவேன்."

"அதான். ஓனரும் நம்மகூட சேர்ந்து கொலைக்கிறாருன்னு அது குஷியாயிடுது."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அடுத்து சொன்னதில்தான் எனக்குத் தலை சுற்றியது.

"மொதல்ல இதுக்குக் கொலைக்கக் கத்துக்குடுக்கணும்."

"அதுதான் அதுக்கே நல்லா வருதே."

"அது இஷ்டத்துக்குக் கொலைக்குது சார். நாம சொல்லிக் கொலைக்கணும். ஆன் பண்ணக் கத்துக்கினாதான் ஆஃப் பண்ண முடியும். 'பேசு'ன்னா கொலைக்கணும், 'போதும்'னா நிறுத்தணும்."

என்னை வாசல் மணியை அடிக்கச் சொன்னார். பன்னு குரைத்தது. உடனே கமாண்டோ கம்பீரமாக "போதும்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தார். அது மென்றுகொண்டு அமைதியாக நின்றபோது "பேசு" என்று இன்னொன்று கொடுத்தார். ஏதோ இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் டிபார்ட்மென்ட் ஆள், உள்ளே ஏதாவது நுட்பம் இருக்கும் என்று பேசாமல் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் இதே பாடம். தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"கமாண்டோ, வார்த்தை ரெண்டும் மாறிப்போச்சோ?"

என்னைப் பார்த்தார், பன்னுவைப் பார்த்தார்.

"மொத நாள் நான் எதுக்கு எத சொன்னேன்?"

எனக்கும் அதற்குள் குழம்பிவிட்டது.

"வுடுங்க சார். அதுக்குப் புரிஞ்சி போச்சி. இப்ப மாத்தினா பாவம், அது குழம்பிடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து என் சகலை சாப்பிட வந்திருந்தார். "சாம்பார் போதும்மா" என்றார். பன்னு பாய்ந்து வந்து குரைத்தது. பயத்தில் கையை உயர்த்தி "போதும், போதும்" என்றார். அது இன்னும் உற்சாகமாகக் குரைத்தது. "பேசு, பேசு" என்று நான் கத்த, நாய் வாயை மூடியது. "நான் இன்னாத்தப் பேசறது?" என்று கேட்ட சகலை, மோர்கூட வேண்டாமென்று எழுந்துவிட்டார்.

மாசக் கடைசி வந்தது. அந்தோணி சாரும் வந்தார். "சார், இத்தோட போதும்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பன்னு எகிறியது.

"சார், பேசுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"யார் பேசணும்?"

"யாரும் பேச வேணாம். சும்மா சொல்லுங்க."

நம்பிக்கையில்லாமல் "பேசு" என்றார். பன்னு கப்சிப்பென்று அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் மெதுவாக "போதும்" என்றார். குரைத்தது. "பேசு" என்றார். அடங்கியது. கொஞ்ச நேரம் இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்.

"எங்க வூட்ல நான் சொல்லி யாரும் எதையும் நிறுத்தினதில்ல சார்" என்றார் தணிந்த குரலில்.

அன்றிலிருந்து தூங்கப் போகுமுன் மாடியிலிருந்து ஒரு "பேசு" கேட்கும். தெருவே அமைதியாகும். வீடு காலி செய்யும் பேச்சு அதன்பின் வரவில்லை. ஜெயித்தது கமாண்டோவா, பன்னுவா, அந்தோணி சாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன வருஷம் கமாண்டோ விழுப்புரத்தில் மகள் வீட்டுக்குக் குடிபோனார். அது அடுக்குமாடி, நாய் வளர்க்கக் கூடாது. ஒரு சனிக்கிழமை திடீரென்று எங்கள் வாசலில் நின்றார். "சும்மா செக் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பன்னு ஒரு கட்டளைக்கும் கட்டுப்படவில்லை. குரைத்தது, குதித்தது, அவர் தோளில் கால் போட்டு முகத்தை நக்கித் தீர்த்தது. விசிலை ஊதினார், அதையும் நக்கியது.

"ட்ரெயினிங் சுத்தமா கெட்டுப்போச்சி சார்" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த வாரமும் நான் வரணும்போல."

இப்போது வாராவாரம் பஸ் பிடித்து வந்துகொண்டிருக்கிறார். பன்னுவைத் திருத்த நாங்கள் யாரும் முயற்சி செய்வதில்லை.