கலர் அண்ணையின் மஞ்சள்

இத்தாலியின் பலெர்மோ நகரில் நிறங்களுக்குப் பயந்த ஒரே மனிதர் எங்கள் கலர் அண்ணைதான். பாம்பு, போலீஸ், பெர்மெஸ்ஸோ என்கிற குடியிருப்பு அனுமதிக்கு நிற்கும் வரிசை எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

நான் மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்குப் போனவன். பக்கத்து மேசை யாழ்ப்பாணத்துக் கலர் அண்ணைக்கு. காட்டுத்தீ அபாய வரைபடங்களைக் கணினியில் தயாரிப்பது எங்கள் வேலை. நான் கணக்கை முடித்துக் கொடுப்பேன். அவர் நிறம் தேர்ந்தெடுக்க உட்காருவார். அந்த வாரம் அம்போ!

"சிவப்பும் பச்சையும் வேண்டாம் தம்பி. நிறக்குருடு உள்ள ஆக்களுக்கு ரெண்டும் ஒண்டுதான். சனம் செத்துப்போகும்."

"அண்ணே, இது வெறும் படம்ணே!"

"படத்தைப் பார்த்துத்தானே ஓடுவினம்?"

கடைசியில் கருநீலத்தில் தொடங்கி மஞ்சளில் முடியும் வரிசையைப் பிடித்தார். மஞ்சள்தான் உச்ச ஆபத்து. அதோடு விட்டாரா? ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலைய வாசலில் போகிற வருகிறவர்களை எல்லாம் மறித்து, "இதில் எங்கே ஆபத்து?" என்று இத்தாலியனில் கேட்டார். ஒரு போலீஸ்காரர் பதிலுக்கு இவருடைய பெர்மெஸ்ஸோவைக் கேட்டார். மற்ற எல்லோரும் பளிச்சென்ற மஞ்சளைத்தான் காட்டினார்கள். மனிதர் அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம், அனல் காற்றில் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோரப் பகுதிக்குப் பின்னால் மலை பற்றிக்கொண்டது. மலையடியில் ஒரு வீட்டில்தான் அண்ணி, சிஞ்ஞோரா என்று அழைக்கும் வயதான இத்தாலிய அம்மாள் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அண்ணை போன் போட்டார்.

"பயப்பிடாதேங்கோ," என்றார் அண்ணி. "நீங்கள் அனுப்பின படத்தைப் பார்த்துப்போட்டுத்தான் இருக்கிறன். நாங்கள் நல்ல மஞ்சளுக்கை நிக்கிறம்."

"ஐயோ, மஞ்சள்தான் நெருப்பு! கிழவியையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடு!"

"மங்களமான மஞ்சளை ஆரப்பா நெருப்புக்குப்..." போன் அறுந்தது.

மறுபடி போட்டால் மணி அடிக்கவே இல்லை. ஜன்னலில் புகை தெரிந்தது. கலர் அண்ணை திரையில் இருந்த மஞ்சளைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். ஊரையே நிறுத்திக் கேட்டவர், வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரை யுகம் கழித்து அண்ணியே கூப்பிட்டார். பின்னால் அலைச் சத்தமும் சிஞ்ஞோராவின் வசவும் கேட்டன. "கடற்கரையிலை நிக்கிறம். ஏனப்பா, கருகினால் மஞ்சளோ வரும்? கறுப்பெல்லோ! என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாமே?"

அண்ணை அழுதார். நான் விசைப்பலகையை வாங்கி, நிறவரிசையைத் தலைகீழாக்கி, உச்ச ஆபத்தைக் கருநீலமாக்கி, தாளில் அச்செடுத்தேன்.

"வாங்கண்ணே, முதல்ல கடற்கரைக்குப் போய் அண்ணிகிட்ட காட்டுவோம்."

பஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.