இலவம் பஞ்சு அர்ஜென்டினா

எனக்குக் கால்பந்து ஆட வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆனது. என்னோடு ஆடியவர்கள் முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பந்து வலப்பக்கம் போனால் நான் இடப்பக்கம் நிற்பேன். நேராக என்னிடமே வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். (கண்ணில் பட்டுத் தொலைத்தால் என்ன செய்வது? டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.)

ஆனால் ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? எண்பதுகளின் நடுவில், பி.காம். முடித்துவிட்டு சங்கரன்கோவிலில் சும்மா இருந்த எனக்கு, எங்கள் தெரு அணியின் பதினொரு பேரில் ஒருவனாக ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்பதுதான் வாழ்க்கை லட்சியம். பதினொரு பேருக்கும் கேப்டன் கோமதிநாயகம். தெருவிலேயே அவன் வீட்டில்தான் டி.வி. இருந்தது என்பதால் அவனைக் கேப்டனாக்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி.யில்தான் உலகக் கோப்பை பார்த்தோம். பார்த்த வேகத்தில் மொத்தத் தெருவும் அர்ஜென்டினாவாக மாறிவிட்டது. அந்தச் சமயத்தில் கடையநல்லூர் அணி எங்களை ஆட்டத்துக்கு அழைத்தது. கோமதிநாயகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏலே, நீ ஆடுனா நாம தோத்துருவோம். அதனால டிரெஸ் பொறுப்பை நீ எடுத்துக்கோ. அச்சு அசல் அர்ஜென்டினா மாதிரி இருக்கணும். நல்லா வந்துச்சுன்னா உன்னையும் ஒரு ஓரத்துல இறக்குதேன்.”

எனக்கு அது போதும். பழைய பேப்பர் கடையில் அரை நாள் உட்கார்ந்து கிளறி, ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து அர்ஜென்டினா அணியின் குரூப் போட்டோவைக் கண்டுபிடித்தேன். அதுவும் கறுப்பு வெள்ளை. முதலில் அதைக் கண்ணாடி போட்டு கோமதிநாயகத்தின் டி.வி.க்கு மேலே மாட்டிவிட்டால் என் இடம் உறுதியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, சன்னதித் தெருப் படக்கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணாச்சி படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“யாருவே இவுக?”

“நம்ம டீமு, அண்ணாச்சி. கண்ணாடி போடணும்.”

“இத்தனை பேருமா?” என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஒரே வண்டியிலயா போனாவ?” என்றார்.

“வண்டியில எதுக்குப் போறாவ? எல்லாரும் பிளேன்லதான்” என்றேன் பெருமையாக.

அவர் ‘ச்சு’க் கொட்டினார். வெளிநாட்டு அணி என்பதற்காக இத்தனை மரியாதையா என்று எனக்கே உச்சி குளிர்ந்துபோயிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால் சட்டத்தைச் சுற்றி சந்தன மாலை, உச்சியில் குட்டிச் சிவப்பு பல்பு, அடியில் தங்க எழுத்தில் ‘என்றும் எங்கள் நினைவில்’. (எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போவதென்றால் ஒன்று சாமியாக இருக்க வேண்டும், இல்லை என்றால் இறந்திருக்க வேண்டும். இதை யோசிக்காதது என் தவறுதான்.) வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பல்பைப் போட்டுவிட்டு, “எல்லாம் சின்னப் பிள்ளைகளால்லா தெரியுது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோமதிநாயகத்துக்கு அந்தப் படத்தைக் காட்டவே இல்லை.

சரி, படம் போனால் போகட்டும், உடையில் பிடித்துவிடலாம் என்று அந்தப் போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றி மறுபடி ஆராய்ந்தேன். முன்வரிசையில் வரிபோட்ட சட்டை. அதை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். பின்வரிசையில் சிலர் புசுபுசுவென்று வீங்கிய ஜெர்கின் போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றார்கள். அது ஏதோ குளிர் தேசத்தில் எடுத்த படம் என்பதும், அவர்கள் ஆட்டத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? முன்வரிசைக்காரர்களுக்கு ஜெர்கின் இன்னும் வந்து சேரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வரிபோட்ட துணியில் ஜெர்கின், அதுவும் பதினொன்று என்று முடிவு செய்தேன்.

வரி என்றால் வெள்ளையும் இன்னொரு கலரும். அந்த இன்னொரு கலர் என்ன என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. டி.வி.யில் சாம்பலாகத் தெரிந்தது. எங்கள் அம்மாவின் சிவப்புச் சேலையும் கல்யாண போட்டோவில் சாம்பலாகத்தான் விழுந்திருக்கிறது, ஆகவே அது சிவப்புதான் என்று நான் நிரூபித்தேன். பி.காம். படித்தவன் சொல்கிறானே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

டெய்லரோ படத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். “இது நம்ம மெஷின்ல ஓடாது தம்பி. உள்ள என்னமோ திணிச்சிருக்கான். நீ மெத்தைக் கடைக்குப் போ.”

நானும் போனேன். மெத்தைக் கடை மைதீன் பாய் படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. “மெத்தைக்குக் கை வச்சா இதுதான்” என்றார். அவரிடம் வெள்ளையில் சிவப்பு வரி ஓடும் மெத்தைத் துணி கட்டுக்கட்டாக இருந்தது. ஆண்டவனே அனுப்பிவைத்ததாக நினைத்தேன். ஆனால் இலவம் பஞ்சுதான் கையிருப்பில் இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். பதினொரு வீடுகளிலிருந்தும் தலையணைகள் ரகசியமாகக் கடத்தப்பட்டன. இரண்டு வாரம் எங்கள் தெருவில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடந்தார்கள். “என் தலையணை எங்கலே?” என்று அப்பா கேட்டபோது, இரும்புத் தராசை எலி தின்ற கதை மாதிரி ஏதோ சொல்லி மழுப்பினேன்.

ஜெர்கின்கள் ஜோராக வந்தன. பஞ்சு ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடாமல் இருக்க மெத்தைக்கு நடுநடுவே முடிச்சுப் போடுவார்கள் அல்லவா, அதையும் பாய் விடாமல் போட்டிருந்தார். முன்பக்கம் மட்டும் திறந்தே கிடந்தது.

“பட்டன் எங்க பாய்?”

“பட்டனுக்கு ஓட்டை போட்டா பஞ்சு வெளிய வந்துரும். நீங்க போட்டுக்கிடுங்க. நான் ஆட்டத்தன்னைக்கு வந்து மூட்டிவிடுதேன். மெத்தைக்கு வாயை மூட்டுறதுதானே நம்ம தொழிலு.”

ஆட்டம் ஊருக்கு மேற்கே ஒரு தரிசு நிலத்தில். ஓரமாக, சுற்றுச்சுவர் இல்லாத தோட்டத்துக் கிணறு ஒன்று. நல்ல வெயில். உள்ளே பனியன் போட்டால் புழுங்கும் என்று எல்லோரும் வெறும் உடம்போடு ஜெர்கினுக்குள் நுழைந்தோம். மைதீன் பாய் வேப்பமரத்தடியில் நின்று, நீள ஊசியால் தொப்புளிலிருந்து கழுத்துவரை ஒவ்வொருவராக மூட்டினார். நான் முந்திக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றுவிட்டேன். பதினோராவது ஆளான முத்தையா குருவிகுளத்து மாமா வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, பதினொரு ஜெர்கினும் நிரம்பிவிட்டிருந்தன.

கோமதிநாயகம் என்னைப் பார்த்தான். “நீ எதுக்குலே உள்ள போன?”

“அளவு பாக்கத்தான் போட்டேன். அதுக்குள்ள பாய் மூட்டிட்டாரு.”

(அப்பட்டமான பொய். ‘நல்லா இறுக்கி மூட்டுங்க பாய்’ என்று சொன்னதே நான்தான்.)

பிரிப்பதற்கு நேரமில்லை, கடையநல்லூர்க்காரர்கள் வந்து காத்திருந்தார்கள். கோமதிநாயகம் பல்லைக் கடித்தான். “சரி, அந்தக் கிணத்துப் பக்கமா போய் நில்லு. பந்து வந்தா விலகிக்கோ.” அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷம், பிற்பாடு வேலை கிடைத்தபோதும் உண்டாகவில்லை.

கடையநல்லூர் கேப்டன் காதர் கைகொடுக்க வந்தான். எங்களுக்குக் கை மடங்காமல் நீட்டியபடியே இருந்ததால் அது சுலபமாக முடிந்தது. அவன் அணியில் எல்லோரும் வெள்ளையும் இளநீலமும் வரிபோட்ட மெல்லிசான சட்டை போட்டிருந்தார்கள். அவனுடைய காக்கா, அதாவது அண்ணன், துபாயிலிருந்து கொடுத்தனுப்பியதாம்.

“நீங்க எந்த நாடு?” என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

“அர்ஜென்டினா” என்றான் கோமதிநாயகம்.

காதர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். “அப்பம் நாங்க யாரு?”

கோமதிநாயகம் மெதுவாக என் பக்கம் திரும்பினான். உடம்போடுதான் திரும்ப முடிந்தது. நான் மைதீன் பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார்.

விசில் ஊதிய பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பந்து எங்கள் நெஞ்சில் பட்டால் ‘தொப்’பென்று அங்கேயே செத்து விழுந்தது. கோல்கீப்பரால் கையைத் தூக்க முடியவில்லை. எங்களில் ஒருவன் விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது, உருளத்தான் முடியும். கடையநல்லூர் பையன்கள் நல்லவர்கள். ஆடிய நேரத்தைவிட எங்களைத் தூக்கி நிறுத்திய நேரம்தான் அவர்களுக்கு அதிகம். பஞ்சில் மிச்சமிருந்த இலவங்கொட்டைகள் குத்த, வியர்வை ஊற, பதினொரு பேரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தோம். ஒன்பதாவது கோலுக்குப் பிறகு, நடுவராக நின்ற டிரில் மாஸ்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் பந்து என் பக்கம் வந்தது. கேப்டன் சொன்னபடியே விலகிக்கொண்டேன். அது என்னைத் தாண்டி உருண்டு கிணற்றுக்குள் விழுந்தது.

“விலகச் சொன்னா இப்படியாலே விலகுவ?” என்று கோமதிநாயகம் கத்தினான். எப்படியாவது நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று நான் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். நெஞ்சு மெத்தை மறைத்ததால் என் கால் எனக்குத் தெரியவில்லை. கரை எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீருக்குள் போன அந்த இரண்டு விநாடி உண்மையாகவே பயந்துபோனேன். சந்தன மாலையும் சிவப்பு பல்பும் கண்முன் வந்தன. அந்த அண்ணாச்சி எனக்கும் தங்க எழுத்தில் எழுதிவிடுவார் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஆனால் முழுசாக அழுது முடிப்பதற்குள் குபுக்கென்று மேலே வந்துவிட்டேன். வந்தவன் மறுபடி உள்ளே போகவில்லை. அக்குள்வரை தண்ணீருக்கு மேலே, இரண்டு கையையும் நீட்டியபடி, நட்டுவைத்ததுபோல் மிதந்தேன். காலை உதைத்துப் பார்த்தேன். வட்டமாகச் சுற்றினேனே தவிர முங்கவில்லை. பந்தும் மிதந்து வந்து என் இரண்டு கைக்கும் நடுவில் நின்றது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலே வட்டமாகத் தலைகள் தெரிந்தன. டிரில் மாஸ்டர் எட்டிப் பார்த்துப் பழக்கதோஷத்தில் விசில் ஊதினார். “ஹேண்ட் பால்.”

“இலவம் பஞ்சுலா, முங்காது” என்று மைதீன் பாய் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். “எத்தனை மணி நேரம் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. தைரியமா விட்டுட்டுப் போவலாம்.”

விஷயம் கேள்விப்பட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்தார். பெற்ற மனசு பதறியிருக்கும் என்று நினைத்து நான் மேலே பார்த்து, “எனக்கு ஒண்ணும் ஆகலப்பா” என்றேன். அவர் சற்று நேரம் என் நெஞ்சையே உற்றுப் பார்த்தார்.

“ஏலே, அது என் தலையணையாலே?”

எனக்குக் கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. கோமதிநாயகத்தின் முகத்தைத் தேடிப்பிடித்து, “மக்கா, நான் டீம்லதானே இருக்கேன்?” என்று கேட்டேன். அதுவரை கோபத்தில் சிவந்திருந்தவன் அப்படியே கரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. காதர் வந்துதான் தூக்கிவிட்டான்.

பம்புசெட் அறையிலிருந்து கயிறு கொண்டுவந்து, இரண்டு அர்ஜென்டினாவும் சேர்ந்து என்னை மேலே இழுத்தன. அதற்குப் பிறகு என்னை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. ஜெர்கின்கள் பிரிக்கப்பட்டு பஞ்சு அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. அப்பாவின் தலையணையில் கடைசிவரை பாசி வாசனை போகவில்லை. அதில் தலை வைக்கும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை திட்டிவிட்டுத்தான் படுப்பார்.

போன வருஷம் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை தலை தீபாவளிக்கு வந்திருந்தார். திருச்சிக்காரர், கால்பந்துப் பித்து. டி.வி.யில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல், நானும் ஒரு காலத்தில் ஆடியவன்தான் என்று சொல்லிவைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அப்படியா மாமா, நீங்க எந்தப் பொசிஷன்ல ஆடுவீங்க?” என்றார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“கிணத்துக்குள்ள.”

மாப்பிள்ளை அது ஏதோ டிஃபன்ஸில் ஓர் இடம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையோடு தலையாட்டினார். வீட்டில் இதுவரை ஒருவரும் அவருக்கு விளக்கவில்லை.