இரண்டாம் மதகில் ஒரு மனிதர்

"இல்லை" என்று சொன்னால் சந்தோசப்படுகிற ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நியமம் அண்ணைதான். கிளிநொச்சியில் எங்கள் சின்ன மென்பொருள் கந்தோரில் அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நிரல்மொழியின் விதிகளான நியமங்களைத் தலையணைத் தடிப்புக்கு அச்சடித்து வைத்திருந்தார். பஸ்ஸில் அதற்கும் ஒரு சீற் பிடிப்பார்.

கடைப் பலகையில் இடியப்பக் கொத்து என்றிருந்து உள்ளே இல்லையென்றால் போச்சு. "பலகையில இருக்கு, குசினியில இல்லை. அப்ப இல்லையெண்டு எழுதோணும். அதுதான் நியமம்," என்று சோக்கால் தானே எழுதுவார். மூன்று கடைகளில் எங்களுக்குச் சாப்பாடு நின்றது.

எங்கள் முதல் ஓடர் வட்டக்கச்சிக் கமக்காரருடையது. வாய்க்காலின் இரண்டு மதகையும் பார்த்திருந்து, தண்ணீர் வந்ததும் போனுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி. அது பிசகினால் கந்தோரை மூட வேண்டியதுதான்.

கையளிப்புக்கு முதல்நாள் பெட்டி காலை வாரியது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும் கட்டளையை, நாங்கள் எழுதுவதைப் பெட்டியின் மொழிக்கு மாற்றும் கொம்பைலர் தலையாட்டி ஏற்றுக்கொண்டது. அந்தப் பெட்டிக்கென்று ஆயத்தமாக எழுதி வந்த நிரல் தொகுப்பான லைப்ரரியிலோ அதைச் செய்யும் பகுதியே கிடையாது.

அண்ணை புத்தகத்தைப் புரட்டினார். "இல்லாட்டி முன்னுக்கே சொல்லோணும் எண்டு இஞ்ச கிடக்கு. இது வாயே திறக்கேல்லை." அன்று முழுக்க அவர் கொம்பைலரோடு கோபம்.

முதலாளி கெஞ்சினார். "அண்ணை, நாளைக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. ஒரு மதகை மட்டும் காட்டுவம்."

"அப்ப நானும் கொம்பைலர் மாதிரியோ?"

மறுநாள் வாய்க்கால் கட்டில், கமக்காரர் சங்கத் தலைவி அக்கா பெட்டியைத் தொடமுதலே அண்ணை சொல்லிவிட்டார்: "அக்கா, இது செய்தி அனுப்பேக்க மற்ற மதகைப் பாக்காது." முதலாளியின் முகம் செத்துப்போனது.

"அப்ப அந்த நேரம் ஆர் பாக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

"நான். லைப்ரரியில இல்லாததை எழுதி முடிக்குமட்டும் இதிலயே இருக்கிறன்."

"எத்தினை நாள் தம்பி?"

"அதைப் புத்தகத்தில போடேல்லை."

அக்கா சிரித்துவிட்டார். "முந்தி வந்தவை எல்லாரும் எல்லாம் செய்யும் எண்டவை. இந்தத் தம்பியை நம்பலாம். பெட்டியை வையுங்கோ."

ஒன்பது நாள் அண்ணை குடையும் மடிக்கணினியுமாக இரண்டாம் மதகடியில் இருந்தார். தண்ணீர் வந்தால் அக்காவுக்குப் போன் எடுப்பார். "பெட்டி கதைக்கிறன். ரெண்டாம் மதகில தண்ணி."

பத்தாம் நாள் பெட்டி தானாகவே இரண்டு செய்தியையும் அனுப்பியது. கந்தோர் தப்பியது. கொஞ்ச நேரத்தில், கந்தோருக்குத் திரும்பியிருந்த அண்ணைக்கு அக்காவின் அழைப்பு. "செய்தி வந்தது தம்பி. எண்டாலும் நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ."

அண்ணை கதிரையை விட்டு எழும்பி நின்று சொன்னார். ஏனென்று தெரியாது, நானும் எழும்பி நின்றேன். அந்த மனிசனில் எனக்கு அவ்வளவு விருப்பம்.