தீயில்லாமல் கொதித்த தீர்த்தம்

போன கோடையில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பேருந்துகளில் நடத்துநர்கள் ஒரு புதிய நிறுத்தத்தின் பெயரைக் கூவத் தொடங்கினார்கள். "கொதிசாமி எறங்கு! கொதிசாமில்லாம் முன்னாடி வா!" அரசாங்கம் அங்கே நிறுத்தம் போடவில்லை. பக்தி போட்டது. பக்கத்துக் கிராமத்தார் வாய்க்காலுக்கு ஒரு பாலம் கேட்டு மனுக்கொடுத்தே கிழவர்களாகிவிட்டார்கள். சாமி இருந்த சவுக்குத் தோப்புக்கோ, அவர் வந்த வேகத்தில் கப்பிச் சாலை வந்துவிட்டது.

சாமியின் முழுப்பெயர் கொதிநிலைச் சித்தர். மற்ற சாமியார்கள் ஞானத்தில் திளைப்பார்கள். இவர் கொதித்தார். தகரக் கொட்டகையின் நடுவில் ஒரு பித்தளை அண்டா. அடியில் அடுப்பு இல்லை, விறகு இல்லை. சித்தர் ஒரு மூலிகை மூட்டையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவார். கண்ணை மூடுவார். அவ்வளவுதான், அண்டா தளதளவென்று கொதிக்கும். வெண்புகை விளிம்பில் வழிந்து பக்தர்களின் காலடியில் தவழும். சித்தர் அந்தக் கொதியில் முழங்கை வரை கையை விட்டு எடுப்பார். ஒரு கொப்புளம் இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அடுத்தது வைத்தியம். செம்பிலிருந்து பன்னீர் மணக்கும் தீர்த்தம் உள்ளங்கையில் விழும்.

"ஜில்லுன்னு இருக்கா?"

"இருக்கு சாமி!"

"காணாமப் போவுது பாரு. தீர்த்தம் ஆவியாவுது. கூடவே உன் நோயும் ஆவியாவுது."

காதில் கழுத்தில் கொஞ்சம் மின்னுகிறவர்களுக்கு வேறு செம்பு. அவர்கள் கையில் தீர்த்தம் அப்படியே குளம் கட்டி நிற்கும். "கர்மா ஜாஸ்தி," என்பார் சித்தர் வருத்தத்தோடு. கர்மாவைக் கரைக்கத் தனிப் பூஜை, தனிக் காணிக்கை. ஏழைகளின் பாவம் சட்டென்று உலர்ந்துவிடுவதும் வசதியானவர்களின் பாவம் உலர மறுப்பதும் எப்பேர்ப்பட்ட சமூகநீதி!

அமராவதி இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் அவள் கால்நடை மருத்துவர். ஈனமுடியாமல் தவிக்கிற பசுவும் கோமாரி வந்த கன்றும் அவளுக்குச் சாமியாரைப் பற்றி யோசிக்க நேரம் வைக்கவில்லை. ஒரு நாள் அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. அத்தோடு சிரிப்பு நின்றது.

அண்ணன் செந்தமிழ்செல்வன் சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். அப்பா மேடை மேடையாகப் பகுத்தறிவு பேசியவர். மகனுக்கு அழகாகப் பெயர் வைத்தார். மகனோ மணிக்கட்டில் மூன்று நிறத்தில் கயிறு கட்டியிருந்தான். அவன் மனைவி காயத்ரிக்குச் சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் முடியாது. சித்தர் அவள் கையில் தீர்த்தத்தை ஊற்றி, "சர்க்கரை ஆவியாயிடுச்சு, ஊசிய நிறுத்து," என்றார். நிறுத்தினார்கள். சில நாளில் வாந்தியும் மூச்சிரைப்புமாகக் காயத்ரி நினைவிழந்து விழுந்தாள்.

அமராவதி மருத்துவமனைக்கு ஓடி வந்தபோது அண்ணி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு புடவை.

"இன்னாண்ணே இது?"

"காயத்ரி பொடவை. அவளுக்குக் கர்மா ஜாஸ்தியாம், அமரு. வெள்ளிக்கெழம முழு பூஜை பண்ணா எல்லாம் ஆவியாப் போயிடுமாம். ஆளு வரமுடியலன்னா பொடவ போதும்னு சாமி சொல்லிட்டாரு."

"போகப் போறது எந்த ஆவிண்ணே? சக்கர ஆவியா, அண்ணி ஆவியா?"

அவன் சின்னப் பிள்ளையைப் போல அழுதான். அவன் முட்டாள்தான், ஆனால் மனைவிமேல் உயிரை வைத்திருக்கிற முட்டாள். அந்த வகையை நம்பித்தான் எல்லாச் சாமியார்களும் பிழைக்கிறார்கள். அமராவதிக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. "சரி, நானும் வரேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் நிற்க இடமில்லை. பள்ளிவாசல் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்திருந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊரில் மதபேதமே கிடையாது.

அண்டா கொதித்தது. அமராவதி புகையைப் பார்த்தாள். சோற்றுப் பானையைத் திறந்தால் ஆவி மேலே போகும். இது ஏன் கீழே இறங்குகிறது? எங்கேயோ பார்த்த புகை. நெல்லிக்குப்பத்தில் போன மாதம் நடந்த கல்யாண வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தில் நடந்து வந்தார்களே, அதே புகை! இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு பெரிய சன்னிதியில் ஒரு விளக்கு இல்லை, ஒரு ஊதுபத்தி இல்லை. "உள்ளே எரியும் ஜோதி போதும்" என்று பலகை மட்டும் தொங்கியது.

அண்ணனின் முறை வந்தபோது அவள் முந்திக்கொண்டு மண்டியிட்டாள்.

"சாமி, எங்க அண்ணி ஆஸ்பத்திரில இருக்காங்க. இந்தக் கொதியில வெந்த ஒரு கவளம் சோறு உள்ள போனா பொழச்சிப்பாங்கன்னு தோணுது. அரிசி கொண்டாந்திருக்கேன்."

சித்தரின் முகத்தில் முதல்முறையாக வேர்த்தது. "இது ஞானக் கொதிம்மா. சோறாக்குற கொதி இல்ல."

"தண்ணிக்கு அந்த வித்தியாசம் தெரியாது சாமி. கொதின்னா ஒரே கொதிதான்."

கூட்டத்துக்குப் பிரசாத ஆசை வந்துவிட்டது. "போடச் சொல்லுங்க சாமி! நாங்களும் ஆளுக்கு ஒரு பருக்கை தின்னுக்கறோம்!" துணியில் முடிந்த அரிசி அண்டாவுக்குள் இறங்கியது. சீடன் இரண்டு முறை மூலிகை மூட்டையை மாற்றினான். அண்டா ஆவேசமாகக் கொதித்தது. அந்த ஆவேசத்துக்கு அரிசி கஞ்சியாகவே போயிருக்க வேண்டும்.

முடிச்சை வெளியே எடுத்து, முன்வரிசையில் இருந்த ராசம்மாளின் கையில் கொடுத்தாள் அமராவதி. நெல்லிக்குப்பத்திலிருந்து மூட்டு வலிக்காக வந்தவள் அவள். பக்தியோடு நாலு அரிசியை வாயில் போட்டாள்.

"ஐய! கடக்குனு கல்லு மாதிரி இருக்குது. பல்லு வேற கூசுது, ஐஸ் தண்ணி!"

"ஐஸேதான் அத்தை," என்றாள் அமராவதி. "கொதின்னா தண்ணி முழுசும் சூடேறணும். அதுக்குன்னு இருக்கிற அளவுக்குச் சூடு வந்தாத்தான், தண்ணிக்குள்ளயே ஆவி கெளம்பிக் குமிழ் குமிழா மேல வரும். இங்க வர்ற குமிழி தண்ணியோட ஆவியே இல்ல. மூட்டைக்குள்ள கல்யாண மண்டபத்துல பொக விடுற டிரை ஐஸ். அதுலேர்ந்து வர்ற வாயுதான் தண்ணியக் கலக்குது."

கூட்டம் முணுமுணுத்தது. ஆனால் நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வேகுமா? செந்தமிழ்செல்வனே எழுந்தான். "கொதி எப்படியோ போவட்டும் அமரு. தீர்த்தம்? என் கண்ணு முன்னாடி அவ கையிலேர்ந்து மறைஞ்சிதே!"

"சரிண்ணே. தீர்த்தத்துக்கு ஒரு ஆரத்தி எடுத்துடுவோம்." அமராவதி பூஜைக்கென்று கொண்டுவந்திருந்த தட்டையும் சூடத்தையும் பையிலிருந்து எடுத்துக் கொளுத்தினாள். ஏழைகளின் செம்பை நோக்கி ஓர் அடி வைத்தாள். இன்னும் ஓர் அடி.

சித்தர் பீடத்திலிருந்து எகிறிக் குதித்தார். "ஏய்! நெருப்பக் கிட்ட கொண்டாராத! குப்புனு பத்திக்கும்!"

அமராவதி சூடத்தை ஊதி அணைத்தாள். "தண்ணி எப்படி சாமி பத்திக்கும்?"

அவர் செம்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஸ்பிரிட்டு," என்றாள் அவள் அண்ணனிடம். "ஆவியாறதுக்குக் கொதிக்க வேணாம்ண்ணே. கொடியில போட்ட துணி கொதிச்சா காயுது? சும்மாவே மேல்பக்கத்துலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமாப் போவும். போவும்போது நம்ம ஒடம்புச் சூட்டையும் எடுத்துக்கினு போவும். அதான் அந்த ஜில்லு. தண்ணி நிதானமாப் போவும், ஸ்பிரிட்டு சட்டுனு போவும். ரெண்டு செம்புக்கும் அதான் வித்தியாசம். ஊசி போடறதுக்கு முன்னாடி மாட்டுக்கு நான் தெனம் தடவுறேன். இதுவரைக்கும் ஒரு மாட்டுக்கும் கர்மா போனதில்ல."

முதலில் சிரித்தவள் ராசம்மாள். அவள் சிரித்ததும் கொட்டகையே சிரித்தது. பிறகு செருப்புகள் பறந்தன. சித்தர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துச் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார். முக்தி அடைகிறவர்கள்கூட அவ்வளவு வேகமாக உலகைத் துறந்ததில்லை. மறுவாரம் போலீஸார் அவரை ஒரு லாட்ஜில் பிடித்தார்கள். காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். தீர்த்தம் தீர்ந்துவிட்டது போலும்.

காயத்ரி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். முதல் நாள் இன்சுலின் ஊசியைச் செந்தமிழ்செல்வன்தான் போட்டான். "மன்னிச்சிடு காயத்ரி," என்றான்.

"மன்னிப்புலாம் அப்புறம். மொதல்ல மருந்து அளவ ஒழுங்காப் பாரு," என்றாள் அவள். அவன் இரண்டு முறை பார்த்தான்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை குறிஞ்சிப்பாடியில், அமராவதியின் மருத்துவமனை வாசலில் மாடு இல்லாமல் ஒரு கூட்டம் நின்றது. தட்டில் பூ, பழம், வெற்றிலை. அவளைக் கண்டதும் பத்துப் பேர் தடாலென்று காலில் விழுந்தார்கள்.

"தாயே! சாமியையே ஜெயிச்ச கை. எங்க நெத்தியில ஒரு தடவ வச்சி விடு!"

அமராவதி இரண்டடி பின்னால் போனாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"எழுந்திரிங்க மொதல்ல! கும்புட ரெண்டு கை இருக்கு, வச்சிக்கங்க. யோசிக்க இருக்கறது ஒரே ஒரு தல. அதையும் கண்டவங்க கால்ல கொண்டாந்து வச்சிட்டா, கழுத்துக்கு மேல உங்களுக்கு இன்னாதான் மிச்சம்?"