மாசிப் பனியில் கோல்ஃப்

தெரியாத ஒரு காரியத்தை ஆள் பார்க்காத இடத்தில் பழகிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆள் பார்க்காத இடம் என்று ஒன்று வன்னியில் கிடையாது. வெளி வெறுமையாகத்தான் இருக்கும். பார்வை மட்டும் எங்கிருந்தோ விழுந்துகொண்டிருக்கும்.

நான் கிளிநொச்சியில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை முகாமையாளர். (பதவி பெரிதுதான், ஆனால் கிளையின் ஒரே மின்விசிறி எனக்குக் காற்றுத் தராது.) மாசி தொடங்கியபோது கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. நுவரெலியாவில் கோல்ஃப் நாள். முகாமையாளர்கள் எல்லோரும் விளையாட வேண்டும். "வடக்கு ஆக்கள் பின்னுக்கு நிக்கப்படாது, என்ன?" என்று பெரியவர் ஒருவர் போனில் வேறு சொல்லிவிட்டார்.

கோல்ஃபுக்கும் எனக்கும் இருந்த ஒரே உறவு, கனடா அத்தான் எங்கள் அலுமாரிக்குப் பின்னால் விட்டுப்போன ஒரு நீளப் பை. அதிலிருந்த மட்டை ஒன்றால் என் கணவர் சிவா முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். அதைப் பறிமுதல் செய்து, பையிலிருந்த பந்துகளையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு கண்டாவளையில். பின்னால் அறுவடை முடிந்து கிடக்கும் எங்கள் வயல். பகலில் அங்கே மட்டையோடு நின்றால் ஊர் சிரிக்கும். ஆகவே விடியப்புறம், மாசிப் பனி இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். தடிமன் பிடிக்காமல் இருக்கத் தலையில் வெள்ளைத் துவாய். வெள்ளை நைட்டி. அதற்கு மேல் சிவாவின் வெள்ளை முழுக்கைச் சட்டை. (கோல்ஃப் உடை வெள்ளையாக இருக்க வேண்டும் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.)

யூடியூப் ஆசிரியர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: தலையைத் தூக்காதே, பந்தையே பார். நானும் பார்த்தேன். பனி முழங்கால்வரை மூடியிருக்கும். ஒரு குருவிச் சத்தம் இருக்காது. என் மூச்சு எனக்கே யாரோ பக்கத்தில் விடுவதுபோலக் கேட்கும். "கண்ணா, ஒருக்கால் எழும்படா" என்று பந்தைக் கெஞ்சிவிட்டு ஓங்கி அடிப்பேன். மண் பறக்கும். சில நாள் பந்தும் பறக்கும்.

அப்படி ஒரு கிழமை போயிருக்கும். பக்கத்துக் காணியில் மிளகாய் செய்யும் மாரிமுத்து அண்ணை எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். பெற்றோர் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். யானைக்கே பயப்படாத மனிதர். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி, விடியவெள்ளன வயல் பக்கம் போகாதேங்கோ."

"ஏன் அண்ணை, யானையே?"

"யானையெண்டால் வெடி கொளுத்தலாம். இது வேற." குரலைத் தாழ்த்தினார். "வெள்ளையா ஒண்டு நிக்குது. கால் இல்லை. நிலத்தை உத்துப் பாத்துக்கொண்டே நிக்கும். ஏதோ கதைக்கும். பிறகு திடீரெண்டு தடியால ஓங்கி அடிக்கும். நான் தண்ணி இறைக்கப் போறதையே விட்டிட்டன். மிளகாயெல்லாம் வாடுது."

அறிவுள்ள எவளுக்கும் இந்த இடத்தில் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியதோ வேறு. நான் தனியே நிற்கிற அதே வயலில், அதே நேரத்தில் ஒரு பேய்!

ஆனால் நுவரெலியாவும் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் மட்டைக்குத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். பனி அன்று இன்னும் தடிப்பு. பின்னால் அறுத்த நெல்லின் அடிக்கட்டைகள் நொறுங்கும் சத்தம். நான் நின்றேன், அதுவும் நின்றது. நடந்தேன், அதுவும் நடந்தது. தலையைத் தூக்காதே என்ற ஆசிரியரின் கட்டளையை அன்றுதான் பக்தியோடு பின்பற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்துவிட்டு ஓடியேவிட்டேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த அடி அது. எங்கே போய் விழுந்தது என்றுதான் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபின் விளங்கியது. மாரிமுத்து அண்ணையின் மிளகாய்த் தோட்டத்தில் சனம் கூடியிருந்தது. ஒரு பாத்தியைச் சுற்றித் தடிகள் நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதற்கு உள்ளே ஒருவரும் போகவில்லை. போர் நடந்த மண் என்பதால், நிலத்தில் தெரியாத சாமான் கிடந்தால் வெடிக்கலாம், தொடக்கூடாது என்று இங்கே பள்ளிக்கூடத்திலேயே படம் காட்டிச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

"புதுச் சாமான் தங்கச்சி. உருண்டை. குழி குழியா இருக்கு. பொலிசுக்குச் சொல்லியாச்சு" என்றார் அண்ணை.

எட்டிப் பார்த்தேன். ஈரமண்ணில் பாதி புதைந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது அத்தானின் பந்து. நான் உள்ளே போய்க் குனிந்து அதை எடுத்தேன். பின்னால் எழுந்த அலறலில் பந்தைத் தவறவிட்டேன். அது மண்ணில் விழ, ஊரே நிலத்தில் குப்புறப் படுத்தது.

"அண்ணை... இது விளையாட்டுப் பந்து. அந்த வெள்ளைப் பேய்... அது நான்தான்."

ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பு பரந்தன்வரை கேட்டிருக்கும். ஒரு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வயல் வரம்பில் குந்திவிட்டா. பொலிசார் வந்ததும் அவர்களுக்கும் ஒருமுறை அடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. (பந்தில் படவில்லை.)

கண்ணைத் துடைத்துக்கொண்டே மாரிமுத்து அண்ணை கேட்டார்: "அது சரி தங்கச்சி, மற்ற ஆள் ஆர்? உங்கட அவரே?"

"எந்த மற்ற ஆள்?"

"பந்து பொறுக்கிறவர். அண்டைக்குப் பயத்தில அவரைப் பற்றிச் சொல்லேல்லை. நீங்கள் அடிக்க அடிக்க, அவர் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக்கொண்டு வந்து வரம்பில வைப்பாரே."

நான் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர்களில் இன்னும் சிலரும் அந்த ஆளைக் கண்டிருந்தார்கள். அப்போதுதான் யோசித்தேன். அந்தப் பனியில் நான் ஒரு நாளும் பந்து தேடி அலைந்ததில்லை. எல்லாம் எப்போதும் வரம்போரம் ஒன்றாகத்தான் கிடந்தன. என் குறி அவ்வளவு சுத்தம் என்று நான் பெருமைப்பட்டிருந்தேன்.

சிவா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். "நான் நித்திரையப்பா. பனிக்குள்ள வந்து பந்து பொறுக்க எனக்கென்ன விசரே?" அது உண்மை. அவருடைய குறட்டையைப் படலைவரை கேட்டுக்கொண்டுதான் நான் தினமும் போவேன்.

மாரிமுத்து அண்ணை மறுநாளே தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டார், மிளகாயும் தப்பியது. "பேய் நீங்களெண்டால் எனக்கென்ன பயம்? மற்றவரும் உதவி செய்யிற ஆள்தானே" என்றார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. நுவரெலியாவில் ஒவ்வொரு அடிக்கும் முன் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கும் பனி. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல்தான் பறந்தது. பெரியவர் மரியாதையாகக் கைதட்டினார்.

இப்போது வீட்டில் கதவுத் திறப்பு தொலைந்தாலும், பிள்ளையின் சப்பாத்துச் சோடியில் ஒன்றைக் காணாவிட்டாலும் சிவா கதிரையில் இருந்தபடியே சொல்வார்: "இஞ்சேரும், மற்ற ஆளைக் கேட்டுப்பாருமன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் பகிடிக்குக்கூட இதுவரை ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்டு, எடுத்துத் தந்துவிட்டால்?