பதினொரு டேப்புகளும் ஒரு வானமும்

நான்காவது டேப்பை டிரைவ் விழுங்கிவிட்டது.

விழுங்கியதோடு நிற்கவில்லை, உள்ளே வைத்து மென்றுகொண்டும் இருந்தது. கண் மருத்துவமனையின் கணினி அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் பேக்கப் சார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது வெளியே வருவதில்லை.

முந்தின நாள்தான் நிர்வாகி கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"சுகாதாரத் துறையிலிருந்து போன் வந்துச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வராங்களாம். பழைய நோயாளிங்க பதிவு எதெதுல இருக்கோ அத்தனையும் மேஜை மேல இருக்கணுமாம். ஒண்ணு விடாம."

"எதுக்கு சார்?"

"கேக்கறதுக்குள்ள போனை வச்சுட்டாங்க. வேற எதுக்கு, ஒழுங்கா வச்சிருக்கோமான்னு பாக்கத்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்த மாதிரி ஆச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்குங்க."

நாலு வருஷத்துக்கு முன்பு சர்வர் படுத்துவிட்டது. அப்போது இருந்த ஒரே பேக்கப்பும் திறக்கவில்லை. யாருக்கு இடது கண், யாருக்கு வலது கண் என்று தெரியாமல் இரண்டு நாள் அறுவை சிகிச்சையே நடக்கவில்லை. அன்றிலிருந்து, எதுவாக இருந்தாலும் இரண்டு பிரதிக்குக் குறைவாக வைப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். வீட்டுச் சாவிகூட நான்கு இருந்தது.

பத்து வருஷத்துக்கும் முந்தைய பதிவுகளுக்கு மட்டும் அந்த வேலை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது; அவை பதினொரு டேப்பில் மட்டுமே இருந்தன. அவற்றைப் படிக்கக்கூடிய டிரைவ் ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் உயிர் இருக்கும்போதே எல்லாவற்றையும் வேறெங்காவது நகலெடுத்துவிட வேண்டும்.

அறுவை சிகிச்சை அறைக்குப் போய் ஒரு மெல்லிய இடுக்கி கேட்டார்.

"யாருக்கு?" என்றார் நர்ஸ்.

"டேப்புக்கு."

"கிருமி நீக்கினது வேணுமா, சாதாரணமா?"

யோசித்துவிட்டு, "கிருமி நீக்கினதே குடுங்க," என்றார். இருபது நிமிஷத்தில் டேப் சேதமில்லாமல் வெளியே வந்தது. டிரைவ் மட்டும் அதற்குப் பிறகு மூக்கால் அழத் தொடங்கியது.

முதல் மூன்று டேப்புக்கு அலுவலகத்தில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடைத்திருந்தது. அது நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக எதையும் ஏற்காத ரகம். ஒவ்வொரு டேப்பும் நாற்பது ஜிபி. அழித்துப் புதிதாக அமைத்தால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதில் தலைமை மருத்துவர் மாணவர்களுக்காக எடுத்த பாட வீடியோக்கள் இருந்தன. எனவே கோப்புகளைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார். அந்த மூன்றிலேயே டிஸ்க் நிரம்பியிருந்தது.

நான்காவதை டிவிடியில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தார். மூன்றில் ஒன்று பாழாகப் போனது. எண் எழுத வரவேற்பில் இருக்கும் அம்மாவை உதவிக்குக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு தட்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு எண் போட்டார்.

"ஏம்மா இவ்வளவு பெருசா?"

"கண் டெஸ்ட் போர்டு மாதிரி ஆறு மீட்டர்லருந்து தெரியணும்ல சார்."

பத்துத் தட்டு இருக்க வேண்டும். எண்ணினால் ஒன்பது. ஏழாம் எண்ணைக் காணோம். மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், நிர்வாகியின் அறையில் எல்லாம் தேடினார். கடைசியில் காத்திருப்போர் கூடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து, "டிவில ஒண்ணும் தெரியல, எனக்குப் பார்வை முழுசாப் போயிடுச்சா?" என்று பதறினார். கண் பராமரிப்புப் படம் என்று நினைத்து அந்த அம்மா ஏழாம் தட்டை டிவியில் போட்டிருந்தார். பெரியவருக்குப் பார்வை போகவில்லை என்று டாக்டர் சான்று தந்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

புதன்கிழமை காலை பேக்கப் சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஏழு டேப் பாக்கி. வீட்டில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆனால் அது மாமனாருடையது.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு பால்கனியில் நின்று ஒரு நிமிஷம் வானத்தைப் படம் பிடிப்பார். பதினொரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. மேகம் இருந்தால் மேகம், இல்லாவிட்டால் வெறும் நீலம்.

"மாமா, ரெண்டு நாளைக்கு உங்க டிஸ்க் வேணும்."

"அதுல வானம் இருக்கே மாப்பிள்ளை."

"வானத்தைத் தொட மாட்டேன். பாதி காலியாத்தான் இருக்கு."

"காலியாத்தான் இருக்கும். இன்னும் பத்து வருஷத்துக்கு எடம் விட்டு வச்சிருக்கேன்."

"இதுக்கு வேற காப்பி இருக்கா மாமா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ரோட்டையே பாத்தவன் நான். மேல நிமிர்ந்து பாத்தது இந்தப் பதினோரு வருஷம்தான். அதை எத்தனை தடவை எடுத்து வைக்கறது?"

அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு நிபந்தனையோடு தந்தார். டிஸ்க் போகும் இடத்துக்கெல்லாம் அவரும் வருவார்.

புதன்கிழமை பகல் முழுவதும் கணினி அறையில் மாமனார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்ப்பது போலக் கோப்புகள் ஏறுவதைப் பார்த்தார். ஐந்தாவது டேப்பிலிருந்து எட்டாவது வரை ஏறின.

"போதும் மாப்பிள்ளை, இதுக்கு மேல ஏத்தினா படிக்கட்டுல தொங்கும்."

உண்மைதான். டிஸ்க் நிரம்பிவிட்டது. ஒன்பதும் பத்தும் மனைவியின் லேப்டாப்புக்குப் போயின. மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வியாழக்கிழமை காலை அவர் தேர்வுத் தாளைத் திறந்தார். லேப்டாப் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் அவர் தலை வாரி, பின்னி, பிரித்து, மறுபடியும் பின்னினார்.

"என்னங்க இது, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"இருபதாயிரம் பேரோட கண்ணு."

"இருபதாயிரமா, நாப்பதாயிரமா? ஆளுக்கு ரெண்டு இருக்குமே."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கறேன். ஆனா இத்தனை கண்ணு முழிச்சுப் பாத்துட்டிருக்கு, எனக்கு வினாத்தாள் அடிக்கவே கூச்சமா இருக்கு."

பதினொன்றாவது டேப் பாதியில் இருக்கும்போது டிரைவ் ஒரு பெருமூச்சு விட்டது. நல்லவேளை, அந்தப் பெருமூச்சுக்குப் பின் இன்னொரு மூச்சும் இருந்தது. வீட்டில், அலமாரியில், பழைய கைப்பைகளில் கிடந்த பென் டிரைவ்களையெல்லாம் திரட்டிப் பதினொன்றாவதை எட்டாகப் பிரித்து ஏற்றி முடித்தார். அதோடு டேப் டிரைவ் நிரந்தரமாக நின்றது. அவர் அதன் மேல் ஒரு துணியைப் போர்த்தினார்.

ஆனால் அவருக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொன்றும் ஒரே பிரதிதானே? வியாழன் மதியம் பென் டிரைவில் இருந்ததை வரவேற்புக் கணினியிலும், டிவிடியில் இருந்ததை நிர்வாகியின் புது லேப்டாப்பிலும், மனைவியின் லேப்டாப்பில் இருந்ததை நர்ஸ்கள் அறைக் கணினியிலும், இரண்டு டிஸ்க்கில் இருந்ததைப் பங்கு போட்டு இவற்றில் மிச்சமிருந்த இடத்திலும் ஏற்றினார். நிர்வாகியே லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்தார். "எவ்வளவு எடம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரி மானம் முக்கியம்." கையில் கிடைத்த எதையும் பேக்கப் சார் விட்டுவைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை சரியாக வந்தது. ஒரு நோயாளிகூடக் குறையவில்லை. நாலு வருஷத்தில் முதல் முறையாக அவர் சீட்டி அடித்துக்கொண்டு படி இறங்கினார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கெல்லாம் கூட்ட அறையின் நீள மேஜை நிறைந்திருந்தது. பதினொரு டேப்பும் வரிசையாக. அதற்கடுத்து தலைமை மருத்துவரின் டிஸ்க், உள்ளங்கை எழுத்தில் பத்து டிவிடி, எட்டு பென் டிரைவ், மனைவியின் லேப்டாப், நிர்வாகியின் லேப்டாப். வரவேற்புக் கணினியையும் நர்ஸ்கள் அறைக் கணினியையும் திரையோடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேஜை ஓரத்தில் மாமனார், மடியில் டிஸ்க்கை வைத்துக்கொண்டு.

"அதையும் மேஜையில வைங்க மாமா."

"என் கைக்கு எட்டற தூரத்துல வைக்கறேன்."

நிர்வாகி ஒரு சுற்று சுற்றி வந்தார். பேக்கப் சாரின் தோளைத் தட்டினார். தட்டிய இடம் சூடாக இருந்தது. பேக்கப் சார் பென் டிரைவ் வரிசையை இன்னொரு முறை நேராக்கினார்.

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். தடித்த கண்ணாடி போட்ட, நடுத்தர வயதுப் பெண்மணி. அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சக்கரம் வைத்த கனமான இரும்பு எந்திரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தி, மின் இணைப்பு எங்கே என்று தேடினார்கள். ஆய்வுக் கருவியாக இருக்கும் என்று பேக்கப் சாரே போய் இணைப்பைக் காட்டினார்.

அதிகாரி மேஜையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இதெல்லாத்துலயுமா பழைய பதிவு இருக்கு?"

"எல்லாத்துலயும் மேடம்," என்றார் நிர்வாகி பூரிப்போடு. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். எல்லாம் நம்ம சார் ஏற்பாடு."

பேக்கப் சார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார். மாமனார்கூட மாப்பிள்ளையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்.

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து, கடைசியில், மாமனாரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த டிஸ்க்கிலிருந்தே தொடங்கலாம் என்பது போலக் கையை நீட்டினார்.

"பத்து வருஷம் தாண்டின நோயாளிங்க பதிவு எங்கயும் இருக்கக் கூடாதுன்னு புதுச் சட்டம் சார், அது ஏறின பெட்டி எதுவா இருந்தாலும் இந்த மெஷின்ல போட்டுத் தூளாக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன், இவ்வளவுதானா, இல்ல வீட்டுல இன்னும் ஏதாவது இருக்கா?"